நாக்கு மீனும் பிக்காஸோவின் மனிதர்களும்

பொன்னேரிச் சந்தையிலோ பழவேற்காட்டிலோ மீன் வாங்கப் போனவர்கள் நாக்கு மீனைப் பார்த்திருப்பார்கள். நாக்கைப் போலவே தட்டையான மீன். மேற்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. அதன் இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிறவியிலேயே அப்படியா என்றால், இல்லை. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் அதுவும் நிமிர்ந்துதான் நீந்துகிறது. வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலையைத் தாண்டி, மறுபக்கத்துக் கண்ணோடு வந்து சேர்ந்துகொள்கிறது. அதன் பிறகு மீன் கண்ணில்லாத பக்கத்தைக் கீழே வைத்து மணலில் படுத்துவிடுகிறது. கீழ்ப்பக்கத்தில் ஒரு கண் இருந்தால் அது மணலைத்தானே பார்க்கும்? ஆகவே இந்த ஏற்பாடு.

நாக்கு மீனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. குழம்பு வைக்கிறார்கள். ஆனால் இதே ஏற்பாட்டை மனித முகத்தில் ஓர் ஓவியர் செய்துவிட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது. மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, கண்கள் இரண்டும் நம்மைப் பார்க்கின்றன, காது எங்கோ இருக்கிறது. "இதை என் தம்பியே வரைவானே!" என்கிறோம். இந்த வகை ஓவியத்துக்குக் கியூபிஸம் என்று பெயர். தமிழில் கனசதுரப் பாணி எனலாம். மீனுக்கு ஒரு காரணம் இருந்தது போல ஓவியருக்கும் ஒரு காரணம் இருந்ததா என்பதுதான் நம் கேள்வி. பௌதிகம் படிப்பவர்கள் இந்தக் கேள்விக்குள் நுழைய நல்ல வாசல் ஒன்று இருக்கிறது.

ஒற்றைக் கண் ராஜ்யம்

ஊசித்துளைக் காமிராவை எட்டாம் வகுப்பிலேயே செய்து பார்த்திருப்பீர்கள். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி நேர்கோட்டில் வந்து, ஒரே துளை வழியாகப் புகுந்து, திரையில் விழுகிறது. பிம்பத்தின் உயரம் பொருளின் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தூரம் இரட்டித்தால் உயரம் பாதி.

ஐரோப்பிய ஓவியர்கள் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் இந்த விதியைத்தான் ஓவிய இலக்கணமாக வைத்திருந்தார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டினார். 1435-இல் ஆல்பெர்ட்டி என்பவர் நூலாக எழுதினார். இரயில் தண்டவாளங்கள் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவது போல வரைகிறோமே, அந்த முறைதான் இது. பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்வார்கள்.

இந்த முறை ஓவியரிடம் மூன்று நிபந்தனைகளைப் போடுகிறது. ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண் அசையக் கூடாது. எல்லாம் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுவோம். எட்டு மீட்டர் நீளமுள்ள படகின் முனைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நீங்கள் காமிராவுடன் நிற்கிறீர்கள். படகின் முன்முனையில் ஒருவர், பின்முனையில் ஒருவர். இருவரும் ஒரே உயரம். முன்னவர் 2 மீட்டரிலும் பின்னவர் 10 மீட்டரிலும் இருப்பதால், போட்டோவில் பின்னவர் முன்னவரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருப்பார். காமிராவை நோக்கி ஒருவர் கையை நீட்டினால் இன்னும் வேடிக்கை. கை 30 சென்டிமீட்டரிலும் முகம் 90 சென்டிமீட்டரிலும் இருந்தால், கை மும்மடங்கு பெரிதாகிவிடும். இதைப் போட்டோ என்பதால் நம்புகிறோம். ஒருவர் கையால் வரைந்து காட்டியிருந்தால் "கை பெரிசாப் போச்சு" என்று திருத்தச் சொல்வோம்.

காமிரா பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்திலிருந்து ஒரு கணத்தில் தெரிவதை அது சரியாகவே சொல்கிறது. அதற்கு மேல் சொல்லாது. அந்தப் படகுக்கு உட்புறம் எப்படி, எத்தனை பலகை, வலை எங்கே கிடக்கிறது என்று அதனிடம் கேட்கக் கூடாது.

உங்கள் கண் காமிரா அல்ல

பாடப் புத்தகத்தில் கண்ணையும் காமிராவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டிருப்பார்கள். லென்ஸ் வரை ஒப்பீடு சரி. அதற்குப் பின் சரியில்லை.

கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் உங்கள் கண்ணில் ஏறத்தாழ 2 டிகிரி கோணம். உங்கள் பார்வையில் மிகத் தெளிவான பகுதி அவ்வளவுதான். விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியின் மையப் பள்ளம் மட்டுமே நுணுக்கமாகப் பார்க்கிறது. மற்ற இடங்களில் மங்கல்தான். சந்தேகமிருந்தால் இந்த வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு, கண்ணை அசைக்காமல், ஐந்து சொல் தள்ளியிருப்பதைப் படிக்க முயலுங்கள். முடியாது.

அப்படியானால் எதிரே இருப்பவரின் முகம் முழுவதும் தெளிவாகத் தெரிவது எப்படி? கண் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவுகிறது. இடது கண், வலது கண், வாய், மீண்டும் கண் என்று ஓடி ஓடித் துண்டுகளைச் சேர்க்கிறது. இதற்கிடையில் நீங்கள் தலையை அசைக்கிறீர்கள், அவர் திரும்புகிறார். உங்கள் இரு கண்களும் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றும் சற்று வேறான படத்தை அனுப்புகிறது. இத்தனை துண்டுகளையும் மூளை ஒட்டித்தான் "இவர் முகம்" என்று நமக்குக் கொடுக்கிறது. ஒட்டிய தையல் நமக்குத் தெரிவதில்லை. கியூபிஸ ஓவியர்கள் செய்ததெல்லாம் அந்தத் தையலை வெளியே தெரியும்படி விட்டதுதான் என்று ஒருவாறு சொல்லலாம்.

அனுப்பம்பட்டு நடைமேடையில் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு நிலையம் இருக்கிறது. புறநகர் வண்டிகள் நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் ஓடும். அப்படி ஓடும் ஒரு வண்டியின் சன்னலோரம் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நடைமேடையில் ஒரு பெண்மணி தலையில் மீன் கூடையுடன் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிறார். உங்கள் வண்டி அவருடைய இடது கைப் பக்கத்திலிருந்து வருகிறது. வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். அவருக்கு நேராக வரும்போது உங்களுக்கும் அவருக்கும் இடைவெளி 5 மீட்டர்.

நேராக வருவதற்கு ஒரு வினாடி முன்னால் நீங்கள் 20 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். அப்போது உங்கள் பார்வைக் கோடு அவருடைய நேர்ப்பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 76 டிகிரி சாய்ந்திருக்கும். (இருபதை ஐந்தால் வகுத்தால் நான்கு. டேன்ஜென்ட் அட்டவணையில் பாருங்கள்.) அதாவது இடது கன்னமும் இடது காதும்தான் தெரியும். கடந்து சென்ற ஒரு வினாடிக்குப் பின் மறுபக்கம் அதே 76 டிகிரி. வலது கன்னமும் வலது காதும். இரண்டு வினாடியில் மொத்தம் 152 டிகிரி சுற்றி வந்துவிட்டீர்கள், இருக்கையை விட்டு எழாமலேயே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் அரை வினாடியில், 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது, கோணம் 76-லிருந்து 63 டிகிரிக்குத்தான் மாறுகிறது. வெறும் 13 டிகிரி. ஆனால் நடுவிலுள்ள அரை வினாடியில், அதாவது அவருக்கு 5 மீட்டர் முன்னாலிருந்து 5 மீட்டர் பின்னால் வரை, 90 டிகிரி மாறிவிடுகிறது. பக்கவாட்டு முகம் நின்று தெரிகிறது. நேர்முகம் மின்னலாக வந்து போகிறது. அளவும் மாறுகிறது. தொடக்கத்தில் அவர் ஏறக்குறைய 20 மீட்டருக்கு அப்பால் இருந்ததால், அருகில் தெரிந்ததில் கால் பங்கு உயரமே இருப்பார்.

வண்டி பொன்னேரியைத் தாண்டிய பிறகு, "நீ பார்த்த அந்த அம்மாளை வரைந்து காட்டு" என்று யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்? எளிய வழி, ஏதாவது ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை மறந்துவிடுவது. இரண்டாவது வழி, சினிமாப் படச்சுருள் போலப் பத்துப் படங்களை வரிசையாக வரைவது. பிரான்சில் 1880-களில் மாரே என்ற உடலியல் அறிஞர் நடக்கும் மனிதனின் பல நிலைகளை ஒரே போட்டோ தகட்டில் பதிவு செய்தார். 1912-இல் மார்செல் துஷாம்ப் வரைந்த, படியிறங்கும் உருவத்தின் புகழ்பெற்ற ஓவியம் அந்தப் போட்டோக்களுக்குக் கடன்பட்டது. மூன்றாவது வழி, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் உங்கள் மனத்தில் பதிந்த துண்டை எடுத்து, ஒரே உருவமாக அடுக்கிவிடுவது. இடப்பக்கமிருந்து காது, நேரிலிருந்து கண், வலப்பக்கமிருந்து மூக்கின் கோடு, சன்னல் சற்று உயரத்தில் இருந்ததால் மேலிருந்து தெரிந்த கூடையின் வட்டம். இந்த மூன்றாவது வழிதான் கியூபிஸம்.

பாரிஸில் நடந்தது

இந்த வழியைத் திறந்தவர்கள் இருவர். ஸ்பெயினில் 1881-இல் பிறந்த பாப்லோ பிக்காஸோ. பிரான்சில் 1882-இல் பிறந்த ஜார்ஜ் பிராக். இருவருக்கும் முன்னோடி செசான். இயற்கையில் உள்ளவற்றை உருளை, கோளம், கூம்பு என்ற வடிவங்களாகக் கருதிப் பார்க்கும்படி 1904-இல் ஓர் இளம் ஓவியருக்குக் கடிதம் எழுதியவர் அவர்.

1907-இல் பிக்காஸோ ஐந்து பெண்கள் கொண்ட பெரிய ஓவியமொன்றை வரைந்தார். அவிஞோன் பெண்கள் என்று பெயர் பெற்றது; இப்போது நியூயார்க் நவீனக் கலைக் கூடத்தில் இருக்கிறது. வலது கீழ் மூலையில் குந்தியிருக்கும் பெண்ணைக் கவனியுங்கள். முதுகு நம் பக்கம். முகமும் நம் பக்கம். உடலுக்குப் பின்னால் ஓர் ஆள், முன்னால் ஓர் ஆள் என்று இருவர் நின்று பார்த்ததை ஒரே உருவத்தில் சேர்த்தது போல இருக்கும். சில முகங்களில் ஆப்பிரிக்க முகமூடிகளின் சாயல் தெரியும்.

1908-இல் பிராக் வரைந்த வீடுகளைப் பார்த்த வோசெல் என்ற விமரிசகர், எல்லாவற்றையும் கனசதுரங்களாக ஆக்கிவிட்டார் என்று கேலியாக எழுதினார். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் இந்த ஓவியங்களில் முழுமையான கனசதுரம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். உடைந்த தளங்கள்தான் இருக்கும்.

மனித உருவத்தை அவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு 1910-இல் பிக்காஸோ வரைந்த கான்வைலரின் உருவப்படம் நல்ல உதாரணம். கான்வைலர் அவருடைய ஓவியங்களை விற்றுக் கொடுத்த வியாபாரி. முதல் பார்வைக்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த கண்ணாடிச் சில்லுக் குவியலாகத் தெரியும். பொறுமையாகப் பார்த்தால் மேலே அலையாக ஒரு முடிக்கற்றை, நடுவில் கைக்கடிகாரத்துக்கு முந்திய காலத்துக் கடிகாரச் சங்கிலி, கீழே கோத்துக்கொண்ட இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். பிக்காஸோ தடயங்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். மிச்சத்தை உங்கள் மூளை கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏன் படம் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது? கோணங்கள் பல என்பது மட்டும் காரணமல்ல. இரண்டு தந்திரங்கள் உள்ளன. ஒன்று, நிழல். சந்திரனிலுள்ள பள்ளத்தின் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்கிறது. சூரியன் மேலே இருக்கும் உலகத்தில் வளர்ந்த மூளை வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? கியூபிஸ ஓவியர் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி விளக்கை வைத்துவிடுகிறார். ஆகவே எது மேடு, எது பள்ளம் என்று மூளையால் தீர்மானிக்க முடிவதில்லை. மற்றொன்று, எல்லைக் கோடு. தோளின் விளிம்பை முழுவதும் மூடாமல் ஒரு பக்கம் திறந்து விட்டுவிடுகிறார். தோள் அப்படியே பின்னாலுள்ள சுவருக்குள் வழிந்துவிடும். ஆள் எங்கே முடிகிறார், அறை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. நிறங்களைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான். நிறம் வந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும்.

1912-இல் செய்தித்தாளையும் சுவர்க் காகிதத்தையும் வெட்டி ஓவியத்தில் ஒட்டத் தொடங்கினார்கள். படங்கள் எளிமையாகி நிறங்கள் திரும்பி வந்தன. 1914-இல் உலகப் போர் மூண்டு பிராக் போர்முனைக்குப் போனதோடு இருவரின் கூட்டு வேலை முடிந்தது. ஆனால் அவர்கள் உண்டாக்கிய இலக்கணம் முடியவில்லை. 1937 ஏப்ரல் 26-இல் ஸ்பெயினின் கெர்னிகா ஊர் விமானக் குண்டு வீச்சில் அழிந்தபோது, பிக்காஸோ பெரிய சுவரளவு ஓவியம் ஒன்றை வரைந்தார். அதே ஆண்டில் அழும் பெண் என்ற ஓவியத்தையும் வரைந்தார். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, இரண்டு கண்களும் நமக்குத் தெரிகின்றன, விரல்களும் கைக்குட்டையும் பற்களும் கூர்மையான சில்லுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அழும்போது ஒருவர் முகத்தை ஒரு நிலையில் வைத்திருப்பதில்லை. திருப்புகிறார், மூடுகிறார், மீண்டும் பார்க்கிறார். என் கருத்தில் இந்த முறை மிகப் பொருந்தி வந்த இடம் இது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு முட்டை வடிவம் வரையுங்கள். அதன் நடுவே, மேலிருந்து கீழாக, இடப்பக்கம் பார்க்கும் ஒரு முகத்தின் பக்கவாட்டுக் கோட்டை வரையுங்கள்: நெற்றி, மூக்கு, உதடு, தாடை. கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கண். வலப் பாதிக்கு ஒரு நிறம், இடப் பாதிக்கு வேறு நிறம் தீட்டுங்கள். இப்போது இடப் பாதியைக் கையால் மறைத்தால் பக்கவாட்டில் திரும்பிய முகம். கையை எடுத்தால் நேராகப் பார்க்கும் முகம். நடுக்கோடு இரண்டு வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க முயன்றால் மூளை இங்குமங்கும் தாவும். 1915-இல் டென்மார்க் உளவியல் அறிஞர் ரூபின் விளக்கிய, குவளையாகவும் இரு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் படத்தின் உறவுதான் இது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அங்கே ஒரு சிறு சிற்பத்தைத் தேடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் வேலை. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், தலை ஒன்றுதான். காளையின் உடலை மறைத்தால் அது யானைத் தலை. யானையின் உடலை மறைத்தால் காளைத் தலை. ஒரு கோட்டை இரண்டு உருவங்கள் பங்கு போட்டுக்கொள்வது நம் சிற்பிகளுக்குத் தெரிந்த வித்தைதான்.

பல கோணங்களைச் சேர்ப்பதும் பழையதுதான். எகிப்தியச் சுவரோவியங்களில் முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் பக்கவாட்டில். குஜராத் பகுதியின் பழைய சமண ஓலைச்சுவடி ஓவியங்களில், திரும்பிய முகத்தில் மறைய வேண்டிய அப்பக்கத்துக் கண், கன்னத்தைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காலண்டரில் ஆறுமுகக் கடவுளின் முகங்கள் விசிறி போல விரிந்து வருவதும் இதே சிக்கலுக்கு ஒரு விடைதான். சிற்பி முகங்களைச் சுற்றி அமைக்கலாம், நாம் நடந்து பார்க்கலாம், ஓவியரிடம் இருப்பது ஒரு தாள் மட்டும். ஆனால் இவற்றைக் காட்டி "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்டுவது சரியாகாது. அந்த ஓவியர்கள் தங்கள் மரபில் வரைந்தார்கள். பிக்காஸோவும் பிராக்கும் ஐந்நூறு ஆண்டு ஒற்றைக் கண் மரபில் பயின்று, அதைக் கேள்வி கேட்டார்கள். பிக்காஸோ தம் பதினைந்தாம் வயதில், 1897-இல், நோயாளியின் படுக்கையருகே மருத்துவரும் கன்னியாஸ்திரீ ஒருவரும் இருக்கும் காட்சியைப் போட்டோ போலவே வரைந்தவர். வரையத் தெரியாததால் கோணலாக வரைந்தார் என்பது பொருந்தாது.

நம் பக்கத்துக்கு வந்தபோது

கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) 1920-களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கையாண்டார். ஓவியர் அபனீந்திரநாத்தின் அண்ணன் இவர். 1922-இல் கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று குறிப்பிட்டு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளி ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ககனேந்திரநாத்தின் ஓவியங்களும் அங்கு இடம்பெற்றன. ஆனால் அவர் உடைத்தது மனித உடலை அல்ல, வெளிச்சத்தை. மாடிப்படி, கதவு, இருட்டு, அதனூடே முப்பட்டகத்தில் சிதறியது போல ஒளிக் கற்றைகள். நடுவில் எங்கோ ஓர் ஆள்.

மனித உருவத்தையே எடுத்துக்கொண்டவர் இலங்கையின் ஜார்ஜ் கீட் (1901–1993). கண்டியில் பிறந்தவர். கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையில் 1939–40-இல் புத்தர் வாழ்க்கையைச் சுவரோவியமாக வரைந்தவர். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இவருடைய நாயகிகளின் முகத்தில் பக்கவாட்டுக் கோடும் நேர்முகமும் ஒன்றாக ஓடும்; சற்று முன் நீங்கள் வரைந்த முட்டை முகத்தின் அழகான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாரிஸின் உடைந்த சில்லுகள் இவரிடம் இல்லை. தோளும் இடையும் கோயில் சிற்பத்தைப் போலத் திரண்டு, ஒரே வளைகோட்டில் வழிந்து ஓடும். நிறங்களும் தாராளம். பாரிஸில் மனித உருவம் அறைக்குள் கரைந்துபோயிற்று. கீட்டின் கையில் அது கரைய மறுத்துவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு மாறாக இருக்கலாம்.

1943-இல் கொழும்பில் கீட் உள்ளிட்ட ஓவியர்கள் சேர்ந்து "43 குழு" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முதுகெலும்பாக நின்றவர் லயனல் வென்ட். அவர் யார் தெரியுமா? போட்டோக்காரர்! காமிராவின் எல்லையைக் காமிராக்காரரே நன்றாக அறிந்திருந்தார் போலும்.

ஐன்ஸ்டைனை இழுக்க வேண்டாம்

ஒரு தவறான கதையை இங்கே தீர்த்துவிட வேண்டும். ஐன்ஸ்டைன் சார்பியல் கொள்கையை வெளியிட்டது 1905. பிக்காஸோவின் ஐந்து பெண்கள் 1907. ஆகவே சார்பியலிலிருந்துதான் கியூபிஸம் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆண்டுகள் அருகருகே இருப்பது சான்றாகாது. 1907-இல் பௌதிகப் பேராசிரியர்கள் பலருக்கே சார்பியல் எட்டவில்லை. பாரிஸ் ஓவியர்கள் "நான்காம் பரிமாணம்" பற்றிப் பேசியது உண்மை. ஆனால் அது வடிவ கணிதத்திலிருந்து வந்தது. மொரிஸ் பிரான்ஸே என்ற காப்பீட்டுக் கணக்கர் அவர்களுக்கு நண்பர். 1903-இல் ஜுப்ரே எழுதிய நாற்பரிமாண வடிவ கணித நூல் போன்றவை அவர் வழியாக அவர்கள் பேச்சில் வந்தன. அந்த நான்காம் பரிமாணம் காலம் அல்ல, இன்னொரு திசை.

தத்துவ அளவிலும் பொருந்தவில்லை. "பார்ப்பவரைப் பொறுத்து எல்லாம் மாறும்" என்று சார்பியல் சொல்லவில்லை. யார் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே, இயற்கை விதிகளும் ஒன்றே என்பதுதான் அதன் அடித்தளம். 1946-இல் இந்த ஒப்புமையைக் கேட்டு எழுதிய கலை வரலாற்று ஆய்வாளர் ஒருவருக்கு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே ஐன்ஸ்டைன் பதில் எழுதினார்.

உண்மையான உறவு வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலில் ஊசி ஏறிவிட்டது என்று ஒருவர் வருகிறார். எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். ஊசி எலும்பின் மேல் தெரிகிறது. அது எலும்புக்கு முன்னாலா, பின்னாலா? அந்த ஒரு படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. எக்ஸ்-ரே என்பது நிழல். ஆழம் அதில் நசுங்கிவிடும். ஆகவேதான் முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுக்கிறார்கள். ஒரு படத்தை நம்பிக் கத்தியை வைத்தால் தவறான பக்கத்தைக் கிழிக்க நேரும். மூளைக்குள் இருக்கும் கட்டிக்கு இரண்டு படமும் போதாது. 1971-இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய கருவியில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகப் படமெடுத்தார்கள். அது தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-கதிரைச் செலுத்தி, கணிப்பொறியால் உள்வெட்டுப் படத்தை உருவாக்கிற்று. சி.டி. ஸ்கேன் என்று இன்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். 1979-இல் ஹவுன்ஸ்பீல்டுக்கும், அதன் கணிதத்தை முன்னரே வகுத்த கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் சேர்ந்தால் நீங்கள் முதலில் திணறப்போவது இயந்திர வரைபடத்தில்தான். முகப்புத் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றையும் ஒரே தாளில் வரையச் சொல்வார்கள். மூன்றையும் மனத்தில் மடித்து ஒரு கனவுருவமாகப் பார்க்கத் தெரியாமல் தோற்றுப் போகும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் பலர் ஒரு பக்கத்திலிருந்து அழகாகப் படம் வரையக் கூடியவர்கள்! வரைபடத்துக்கும் கியூபிஸத்துக்கும் வேறுபாடும் உண்டு. வரைபடத்தில் எந்தத் தோற்றம் எந்தக் கோணத்திலிருந்து என்பது விதிப்படி தெரியும். ஸ்கேன் கருவிக்கும் ஒவ்வொரு கோணமும் தெரியும். கியூபிஸ ஓவியர் அந்தத் தகவலை மட்டும் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறார். அதனால்தான் அவர் படத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தச்சரால் செய்ய முடியாது.

ஏரிக்கரை ஊர்ப் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பள்ளிக் கண்காட்சி ஒன்றில் ஒருமுறை பார்த்தேன். ஒரு பையன் படகை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, அதனுள் நான்கு ஆட்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது போல வரைந்திருந்தான். வலை, தண்ணீர்ப் பானை, துடுப்பு எல்லாம் அதனதன் இடத்தில். மதிப்பெண் போட்டவர் "படகு தவறு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கரையில் நின்று போட்டோ எடுத்தால் படகின் பக்கப் பலகையும் நான்கு தலைகளும்தான் தெரியும். யார் எங்கே உட்கார்ந்து எதை இழுக்கிறார் என்பதை அந்தப் பையனின் படம் சொன்னது. அவனைப் பிக்காஸோ என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கு ஒற்றைக் கண் முறை இன்னும் தெரியாது, அதை அவன் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் "தவறு" என்பது அதற்குச் சரியான சொல்லல்ல. "மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று" என்று எழுதியிருக்கலாம்.

வீட்டில் காமிரா உள்ள கைப்பேசி இருந்தால் கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே தூரத்தில் அவரைச் சுற்றி நடந்து, 45 டிகிரிக்கு ஒன்றாக ஐந்து படங்கள் எடுங்கள். இடது காதிலிருந்து வலது காது வரை 180 டிகிரி ஆகிவிடும். ஒரே அளவில் அச்செடுத்து, கண், மூக்கு, காது, கை என்று வெட்டி, அட்டையில் ஒரு முகமாக ஒட்டுங்கள். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-இல் போலராய்டு போட்டோக்களைக் கொண்டு ஏறக்குறைய இப்படித்தான் உருவப்படங்கள் செய்தார். ஒட்டும்போது இரண்டு சங்கடங்கள் வரும். ஒரு துண்டில் வெளிச்சம் இடமிருந்தும் அடுத்ததில் வலமிருந்தும் விழுந்திருக்கும். மூக்கு எந்தப் படத்தினுடையது என்பதைத் தேர்ந்தெடுத்தவுடன் மற்ற எல்லாத் துண்டுகளின் இடமும் மாறிவிடும். முதலாவதைத் திரைச்சீலை போட்டுச் சரிசெய்யலாம். இரண்டாவதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். பாட்டியிடம் காட்டுவதற்கு முன் எந்த மூக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.